தேர்ச்சி அறிக்கையில் இல்லாத பாடம்



தவணை முடிந்து பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கணிதத்திற்கு எத்தனை புள்ளி, வகுப்பில் எத்தனையாம் இடம்? நல்லது, பாருங்கள். ஆனால் தோற்றால் உங்கள் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது, விளங்காததைக் கேட்கத் துணிகிறதா, பக்கத்தில் இருப்பவன் அழுதால் திரும்பிப் பார்க்கிறதா என்பதற்கெல்லாம் அதில் புள்ளி இல்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நம் பிள்ளைகள் பலர் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து தமிழில் படிக்கிறார்கள். இப்பகுதிப் பிள்ளைகள் பட்டது கொஞ்சமல்ல. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மீண்டும் மூடல். அன்று முன்பள்ளி வயதில் இருந்தவர்கள் இன்று புலமைப்பரிசில் பரீட்சை வயதை ஒட்டியவர்கள். தவறிய எழுத்தை மேலதிக வகுப்பில் பிடித்துவிடலாம். கூடி விளையாடி, சண்டை பிடித்து, சமாதானமாகிப் பழகும் காலம் தவறியதை எந்த வகுப்பில் பிடிப்பது?

குழப்படிக்காரப் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். சத்தமே போடாத பிள்ளையைத்தான் "தங்கமான பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். கொஞ்சம் கவனியுங்கள். இடைவேளையில் அது யாரோடு சாப்பிடுகிறது? விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறதா, கோபித்துக்கொண்டு ஒதுங்குகிறதா? பயம், வெட்கம், பொறாமை என்று தன் மனதைச் சொல்லத் தெரிகிறதா, எல்லாவற்றுக்கும் "வயிறு வலிக்குது" என்கிறதா?

ஒரு நாள் கண்டதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். சில வாரங்கள், வீட்டிலும் வெளியிலும் பாருங்கள். லயத்தில் ஓடியாடிக் கத்தும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காவிட்டால், அதற்குப் பழகத் தெரியாது என்று பொருளல்ல. அங்கே அதன் வாயை அடைப்பது எது என்று தேட வேண்டும். யாராவது "தோட்டக்காட்டான்" என்று கேலி செய்கிறார்களா? விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடும் தாயால் சாப்பாடு கட்டிக் கொடுக்க முடியாமல் போய், அந்தப் பிள்ளை பசியோடு இருக்கிறதா?

அப்படியானால் குறை கேலி செய்த பிள்ளையிடம் இருக்கிறது. சகோதரிகளே, அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? பிறர் மனம் நோவதை உணராதது பெரிய குறையல்லவா? நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி எடுத்தாலும் அது குறைதான்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு குருவி ஒன்றை வளர்த்தார். அது இறந்துபோனது. வாடியிருந்த அச்சிறுவரை நபி (ஸல்) அவர்கள் கண்டு, காரணம் கேட்டறிந்து, குருவியைப் பற்றியே அன்பாக விசாரித்தார்கள். "குருவிதானே, போனால் போகட்டும்" என்று தள்ளவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், கேட்டார்கள், பிள்ளையின் கவலையைக் கவலையாக மதித்தார்கள். நமக்குத் தேவையான பாடம் இதுவே.

இன்று மஃரிபுக்குப் பிறகு "என்ன படித்தாய்?" என்பதோடு, "இன்று யார் தனியாக இருந்தார்கள்? நீ என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். கோபம் வந்தால் அடிக்காமல் சொல்லிக் காட்டுவது எப்படி என்று நீங்களே நடந்து காட்டுங்கள். பாடசாலைகளில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை மூலம் தடை செய்தது. வீட்டில் மட்டும் பிரம்பு எதற்கு? தெரியாததைக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையானால், வளர்க்கும் உம்மும்மாவோ சாச்சியோ வகுப்பாசிரியரிடம் அதைச் சொல்லி வைப்பது நல்லது.

பல நாட்களாக உண்ணாமல், உறங்காமல், தன்னையே வருத்திக்கொள்ளும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டத் தயங்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் சிறுவர் உதவிக்கு 1929.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். புள்ளியை ஆசிரியர் பார்க்கட்டும். முகத்தை நாம் பார்ப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளை இரக்கமுள்ளவர்களாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.