யானைக்கு எந்தத் துணி?

நூல் பிடித்து... – 17

நான் தைத்த முதல் யானை, பூசணிக்காயாகத்தான் பிறந்தது.

காகிதத்தில் வரைந்த வடிவம் சரியாக இருந்தது. வெட்டியபோதும் சரி, உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்துத் திருப்பியபோதும் சரி, அது யானைதான். பஞ்சை அடைக்கத் தொடங்கியதும்தான் வினை ஆரம்பித்தது. அடைக்க அடைக்க வயிறு ஊதிக்கொண்டே போனது. நான்கு கால்களும் நான்கு திசையில் பரப்பிக்கொண்டன. தும்பிக்கை நடுவில் வீங்கிக் கத்தரிக்காய் ஆனது. மூன்று வயது அக்கா மகள் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, இது பன்னிக்குட்டியா?"

தப்பு என் தையலில் இல்லை. போன வாரம் நாம் பார்த்த ஊசி எண், தையல் நீளம் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தன. தப்பு துணியில். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் துணி வெட்டுத் துண்டுகள் வீட்டில் கிடந்தன. மெத்தென்று இருக்கிறதே, குழந்தைக்கு நல்லதுதானே என்று எடுத்துவிட்டேன். பனியன் துணி நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகிறது. வளையத்துக்குள் வளையமாகக் கோத்த நூல், உள்ளிருந்து தள்ளினால் விரிந்து கொடுக்கும். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பனியன் நம்மை இறுக்குவதில்லை. என் யானைக்கும் அப்படியே வயிறு நிறைய இடம் கொடுத்துவிட்டது.

புதுத் துணி வாங்கலாம் என்று சென்னை கோடவுன் தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் பெரியவர் கேட்டார்.

"என்னம்மா தைக்கப் போறே?"

"யானை பொம்மைங்க."

"யாருக்கு?"

துணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கைக்குழந்தைன்னா ஒரு துணி. பள்ளிக்கூடம் போற பிள்ளைன்னா ஒரு துணி. ஷோகேஸ்ல வைக்கிறதுன்னா வேற துணி. யாருக்குன்னு சொல்லாம எதைம்மா கிழிக்கச் சொல்றே?"

அன்று வெறுங்கையோடு திரும்பினேன். பஞ்சடைத்த பொம்மையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, பொம்மைத் துணி மாறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்தப் பெரியவரின் கேள்விக்குப் புதிதாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஊசிக்காகப் பிறந்த யானை

தெற்கு ஜெர்மனியில் கிங்கன் என்றொரு சிற்றூர். 1847-இல் அங்கே பிறந்த மார்கரெட்டே ஷ்டைஃப், ஒன்றரை வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டார். கால்கள் நடக்கவில்லை. வலது கையும் முழு வலுவோடு இல்லை. தையல் இயந்திரத்தின் சக்கரம் வலப்பக்கம் அல்லவா இருக்கும்? இயந்திரத்தையே திருப்பி வைத்து இடது கையால் சக்கரத்தைச் சுற்றினார். 1877-இல் ஃபெல்ட் துணியில் உடைகள் தைத்து விற்கும் தொழில் தொடங்கினார். ஃபெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. உறவினர் ஒருவரின் ஃபெல்ட் ஆலை ஊரிலேயே இருந்தது.

1880 வாக்கில் ஒரு ஃபேஷன் இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து, குட்டி யானை ஒன்றைத் தைத்தார். விளையாடுவதற்கு அல்ல; ஊசி குத்தி வைக்க. ஊசி குத்தும் மெத்தைக்கு ஃபெல்ட்டைவிடப் பொருத்தமான துணி கிடையாது. கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் ஊற்றி அழுத்தித் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, சடை பிடித்த முடிபோல் இறுகிவிடும். அதுதான் ஃபெல்ட். பாவும் இல்லை, ஊடும் இல்லை, நூலே இல்லை. எனவே வெட்டிய ஓரம் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டாம். எந்தத் திசையில் வைத்தும் வெட்டலாம். காது, வால், தந்தம் போன்ற சின்னச் சின்னத் துண்டுகளுக்கு இதைவிட வசதி வேறென்ன?

ஆனால் அந்த யானைகளை ஊசிகளிடம் குழந்தைகள் விட்டுவைக்கவில்லை. பிடுங்கி விளையாடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் யானைகள் ஆயிரக்கணக்கில் விற்றன. கூடவே நாய், பூனை, குதிரை என்று ஒரு பண்ணையே உருவானது. 'யாருக்கு?' என்ற கேள்விக்கான பதில் ஊசியிலிருந்து குழந்தைக்கு மாறிவிட்டது. துணி மட்டும் மாறவில்லை.

கரடிக்கு முடி வந்த கதை

ஃபெல்ட் பொம்மையைப் பார்க்கலாம், உருட்டலாம். கட்டிப்பிடித்துக்கொள்ள அது அவ்வளவு இதமாக இராது. மார்கரெட்டேயின் தம்பி மகன் ரிச்சர்டு, ஷ்டுட்கார்ட்டில் கலைப் பள்ளி மாணவராக இருந்தபோது அங்குள்ள விலங்குக் காட்சியகத்தில் கரடிகளை வரைந்து வந்தவர். 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். அதன் பெயர் '55 பி.பி.' 55 என்பது சென்டிமீட்டரில் உயரம். கடைசி 'பி' அசையும் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. நடு 'பி'தான் நம் விஷயம்: ப்ளஷ். அதாவது, முடி வைத்த துணி. கரடியின் பெயரிலேயே துணியின் பெயரும் இருந்தது.

அந்த முடி மொஹேர். முயல் முடி என்று பலர் நினைக்கிறார்கள். அங்கோரா முயல் வேறு, அங்கோரா ஆடு வேறு. மொஹேர் ஆட்டின் முடி. அங்காரா நகரத்தின் பழைய பெயர்தான் ஆட்டுக்கு ஒட்டிக்கொண்டது. இன்று உலகின் மொஹேரில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. இதை நெய்யும் விதம் அழகானது. எதிரும் புதிருமாக இரண்டு பருத்தித் துணிகளை ஒரே தறியில் நெய்வார்கள். மொஹேர் நூல் மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் மாறி மாறிப் போய் வரும். நெய்து வர வர, நடுவே ஒரு கத்தி ஓடி நூலை அறுத்துக்கொண்டே போகும். ஒரே தறியில் இரட்டைப் பிரசவம். பிரிந்த இரண்டு துணிகளிலும் முடி நிமிர்ந்து நிற்கும்.

இந்தத் துணி இரண்டு வேலை செய்தது. அணைத்தால் கன்னத்துக்கு இதம். அழுந்திய முடி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இன்னொன்று தையல்காரர்களுக்கான வரம்: முடி தையலை மறைத்துவிடும். ஃபெல்ட்டில் ஒரு தையல் கோணினாலும் முகம் கோணலாகத் தெரியும். ப்ளஷ் மன்னிக்கும்.

1903 லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வணிகர் 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1907 என்ற ஒரே ஆண்டில் ஷ்டைஃப் நிறுவனம் செய்த கரடிகள் 9,74,000. 'டெடி' என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயர் கரடிக்கு வந்த கதை பலருக்கும் தெரியும் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. மொஹேர் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகும் பஞ்சம் தீராமல், 1919-இலிருந்து சில காலம் காகித இழையால் செய்த ப்ளஷில் கரடிகள் தைத்தார்கள். சொரசொரப்பு; தண்ணீர் பட்டால் தாங்காது. துணியே இல்லாத காலத்தில் 'யாருக்கு?' என்று கேட்க முடியுமா? கிடைத்ததை வைத்துத் தைத்தார்கள். அவற்றில் மிஞ்சியவை வெகு சில என்பதால், இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

அம்மாவின் கேள்வி

மொஹேர் கரடிக்கும் ஒரு குறை இருந்தது. பருத்தி அடித்துணி, உள்ளே மரச்சீவல். பாலைக் கொட்டிவிட்டால் மேலே துடைக்கலாம். முக்கித் துவைக்க முடியாது. வேல்ஸ் நாட்டு அபெர்கவென்னியில் பொம்மை நிறுவனம் நடத்திய வெண்டி பாஸ்டன் என்ற பெண்மணி 1954-இல் இதற்கு முடிவு கட்டினார். நைலான் முடி, உள்ளே நுரை ரப்பர். இயந்திரத்தில் துவைத்து, பிழிந்து, கொடியில் காயப்போடலாம். அதற்கு முன்பே, 1948-இல், பிய்த்தாலும் வராதபடி உள்ளிருந்து திருகி முடுக்கும் கண்களையும் அவர் கொண்டுவந்திருந்தார். அதுவரை பொம்மையை யார் அணைப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். யார் துவைப்பார்கள் என்றும் வெண்டி சேர்த்துக் கேட்டார்.

இன்று நாம் கடையில் பார்க்கும் பஞ்சு பொம்மைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் முடித் துணியால் ஆனவை. அவை வெண்டியின் கரடிக்குப் பேரப்பிள்ளைகள்.

கடைக்குப் போனால்

முதலில் 'யாருக்கு' என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கு என்றால், எதுவும் நேராக வாய்க்குத்தான் போகும். நீள முடித் துணி வேண்டவே வேண்டாம். இழுத்தால் இழை கையோடு வரும். நெருக்கமாக நெய்த பாப்ளின், காடா போன்ற பருத்தித் துணியோ, குட்டை முடித் துணியோ நல்லது. மணியும் பொத்தானும் கூடாது. கண்ணையும் மூக்கையும் நூலால் தைத்துவிடுங்கள்.

கட்டிப்பிடித்துத் தூங்கும் வயது என்றால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் முடியுள்ள வழுவழுப்பான பாலியெஸ்டர் துணியோ ஃபிளீஸோ எடுக்கலாம். துவைக்கலாம், சீக்கிரம் காயும். அலமாரிக்கும் கொலுவுக்கும் என்றால் ஃபெல்ட்டில் விளையாடுங்கள். ஒரு எச்சரிக்கை: கைவினைக் கடைகளில் தாள் தாளாகக் கிடைக்கும் மலிவு ஃபெல்ட் பெரும்பாலும் கம்பளி இல்லை, செயற்கை இழை. கொஞ்ச நாள் கையாண்டாலே மேலே உருண்டை உருண்டையாகத் திரளும்.

அடுத்து நான்கு சோதனைகள். கடையில் நின்றபடியே செய்யலாம்.

ஒன்று, வெளிச்சம். துணியை ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் பஞ்சு அந்த வழியே வெளியேறும். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர்கள் நெருக்கமான நெசவைத் தேடுவது இதனால்தான்.

இரண்டு, இழுவை. நீளவாக்கில் இழுங்கள், அகலவாக்கில் இழுங்கள், கிராஸாகவும் இழுங்கள். நெய்த துணி பாவு ஓடும் நீளவாக்கில் அதிகம் கொடுக்காது. கிராஸில் நன்றாகக் கொடுக்கும். பனியன் துணி அகலத்தில் தாராளமாக விரியும். விரியும் திசையைப் பொம்மையின் இடுப்பைச் சுற்றி வைத்தால் தொப்பை; தலையிலிருந்து கால்வரை வைத்தால் நெட்டை. பனியன் துணிதான் வேண்டும் என்றால் பின்பக்கம் ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வெட்டுங்கள். என் பூசணிக்காய் இதனால் தப்பித்திருக்கும்.

மூன்று, தடவல். முடித் துணியை உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் முறைக்கும். வழுக்கும் திசையைத் துணியின் பின்பக்கம் அம்புக்குறியாக வரைந்துகொள்ளுங்கள். எல்லாத் துண்டுகளிலும் அது தலையிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். ஒரு காதை மட்டும் தலைகீழாக வெட்டினால் அது வேறு நிறத் துணிபோலத் தெரியும்; வெளிச்சம் முடியில் படும் விதம் அப்படி.

நான்கு, ஈரக் கைக்குட்டை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி குழந்தையின் வாய்க்கும் ஒட்டும். பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

முடித் துணியை வெட்டவும் ஒரு முறை உண்டு. மடித்து வைத்து வெட்டாதீர்கள். பின்பக்கம் மேலே இருக்க விரித்து, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறுங்கள். முடி தானாகப் பிரியும். முழுக் கத்திரியைப் போட்டால் முடி வெட்டுப்பட்டு, தையல் ஓரம் மொட்டையாகும், வீடு சலூன் ஆகும். தைத்துத் திருப்பியபின், தையலில் மாட்டிய முடியை ஊசி நுனியால் இழுத்து விடுங்கள். தையல் காணாமல் போகும். முடியின் நீளம் பொம்மையின் அளவுக்குத் தக்கதாக இருக்கட்டும். உள்ளங்கைப் பூனைக்கு விரல் நீள முடி வைத்தால் முகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

விற்பனைக்குத் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஐ.எஸ். 9873 என்ற அந்தத் தரநிலையில், துணி எப்படித் தீப்பிடிக்கிறது என்பதற்கே தனிப் பகுதி இருக்கிறது. முடித் துணியின் மேற்பரப்பில் தீ சட்டென்று ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் மறுபடி கோடவுன் தெருவுக்குப் போனேன். இந்த முறை பெரியவர் கேட்கும் முன்பே சொன்னேன்.

"மூணு வயசுங்க. கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா. காதைக் கடிப்பா. வாரம் ஒருதரம் துவைக்கணும்."

அவர் பேசாமல் சாம்பல் நிறக் குட்டை முடித் துணியை இறக்கி, அரை மீட்டர் வெட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது யானை நான்கு காலில் நின்றது. தும்பிக்கை தும்பிக்கையாகவே இருந்தது. அக்கா மகள் அதன் காதைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றிரவு அதை விடாமல் தூங்கினாள். பெயர் மட்டும் மாறவில்லை. இன்றுவரை அது பன்னிக்குட்டிதான்.

(அடுத்த வாரம்: உள்ளே என்ன? மரச்சீவலிலிருந்து போடி இலவம்பஞ்சு வரை)