சளி ஏன் பச்சையாகிறது?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எல்.கே.ஜி. வகுப்பில் பாதி மூக்குகள் ஒழுகும். முதல் நாள் தண்ணீராக வடிந்த சளி, மூன்றாம் நாள் கெட்டியாகிக் கைக்குட்டையில் பச்சையாக ஒட்டும். "சளி பழுத்திருச்சு, இனி வெளிய வந்துரும்" என்பார் பாட்டி. அம்மாவோ போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் பாட்டிலைத் தேடுவார். இருவரில் பாட்டியின் பேச்சுதான் அறிவியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வைரஸ் மூக்கின் சவ்வைத் தொற்றியதும், இரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவற்றுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. உடம்பில் இருக்கும் உப்பின் குளோரைடை வைத்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிப்பது அதன் வேலை. மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். அந்த நொதியில் இரும்பு இருக்கிறது. அதனால் அதன் நிறமே பச்சை. வேலை முடிந்து மடிந்த வெள்ளையணுக்கள் சளியில் கலக்கும்போது, சளியும் பச்சையாகிறது. வெறும் வைரஸ் சளியிலும் இந்த நிறம் வரும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. 'எதிர்ப்புச் சக்தியே இல்லை' என்று கவலைப்பட வேண்டியதில்லை. சளி தரும் ரைனோவைரஸில் மட்டும் 150-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பெரியவர்கள் அவற்றில் பலவற்றை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. குழந்தைக்கு ஒவ்வொன்றும் புதுமுகம்.

பிடித்த கிருமியை வெளியே தள்ளவும் மூக்கில் ஏற்பாடு உண்டு. சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியைத் தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. விழுங்கிய சளியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். சளி இறுகிக் காய்ந்தால் இந்த ஓட்டம் தடைப்படும். ஆகவே வீட்டு வைத்தியத்தை எடைபோட ஒரே கேள்வி போதும்: இது சளியை இளக்குமா?

தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, காரம் குறைத்த ரசம் மூன்றும் இதில் தேறும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடுவதால், மூக்கடைத்தால் பால் குடிக்கத் திணறும்; பால் கொடுக்கும் முன் மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு ஓரிரண்டு விட்டால் போதும். தேனும் கைகொடுக்கும். 2007-இல் வெளியான பென்சில்வேனியா ஆய்வில், படுக்கும் முன் தேன் குடித்த பிள்ளைகள், ஒன்றும் குடிக்காத பிள்ளைகளைவிட இருமல் குறைந்து தூங்கியதாகப் பெற்றோர் சொன்னார்கள். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் விதைகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கிவிடும்.

நொச்சி ஆவி பெரியவர்களுக்கு இதமானதுதான். குழந்தைக்கு ஆபத்து அந்தக் கொதிநீர்ச் சட்டியில் இருக்கிறது. போர்வைக்குள் திமிறும் பிள்ளை அதைக் கவிழ்க்க ஒரு நொடி போதும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். கடைச் சிரப்பிலும் கவனம் தேவை. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கஷாயம், தேன், விடியட்டும் என்ற யோசனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.