நரி வேட்டை: காதால் திசை தேடும் விளையாட்டு

கண்ணாமூச்சி விளையாடாமல் வளர்ந்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. தமிழ்ப்பள்ளித் திடலில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவான். மற்றவர்கள் ஓடி ஒளிவார்கள். ஒளிந்திருப்பவன் சிரிப்பை அடக்க முடியாமல் சிறு சத்தம் போட்டால் போதும், பிடிபட்டுவிடுவான். அதே விளையாட்டைக் காட்டுக்குள் விளையாடினால் எப்படி இருக்கும்? ஒளிந்திருப்பது ஆள் அல்ல, உணவுப் பெட்டி அளவிலான ஒரு வானொலிக் கருவி. அது போடும் சத்தம் வெறும் காதுக்குக் கேட்காது. அதைக் கேட்க நம் கையில் இன்னொரு கருவி வேண்டும்.

இதுதான் 'நரி வேட்டை'. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். இதில் நரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மறைத்து வைக்கப்பட்ட அலைபரப்பிதான் நரி. வானொலித் தொடர்பைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்திற்காகப் பயிலும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் பல நாடுகளில் இதை விளையாடி வருகிறார்கள். கடந்த ஆண்டு விடுமுறையில் இதில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதில் நான் தோற்றேன். ஏன் தோற்றேன் என்று சொன்னாலே இவ்விளையாட்டின் நுட்பம் உங்களுக்கு விளங்கிவிடும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வளர்ந்த விளையாட்டு இது. வட ஐரோப்பிய நாடுகளிலும் அன்றைய சோவியத் ஒன்றியத்திலும் இதற்குப் பெரும் வரவேற்பு இருந்தது. 1961ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் முதல் ஐரோப்பியப் போட்டி நடைபெற்றது. 1980ஆம் ஆண்டு போலந்து நாட்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஆசியாவும் பின்தங்கிவிடவில்லை. 2000ஆம் ஆண்டு சீனாவின் நான்ஜிங் நகரிலும், 2008, 2018 ஆகிய ஆண்டுகளில் தென் கொரியாவிலும் உலகப் போட்டிகள் நடைபெற்றன.

அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது. ஆண், பெண் என்றும் வயது வாரியாகவும் பிரிவுகள் உண்டு. பள்ளி மாணவர்கள் முதல் எழுபது வயதைக் கடந்தவர்கள் வரை இதில் ஓடுகிறார்கள்.

விதிகள் என்ன?

மரபான போட்டியில் ஐந்து அலைபரப்பிகளைக் காட்டில் மறைத்து வைப்பார்கள். ஒன்றுக்கொன்று குறைந்தது 400 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தொடக்க இடத்திலிருந்து 750 மீட்டருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. ஐந்தும் ஒரே அலைவரிசையில்தான் இயங்கும். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. முதலாவது ஒரு நிமிடம் ஒலித்து ஓய்ந்ததும் இரண்டாவது தொடங்கும். இப்படி ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் அதே அலைபரப்பியை மீண்டும் கேட்க நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எது எந்த அலைபரப்பி என்று எப்படி அறிவது? அவை மோர்ஸ் குறியீட்டில் தம்மை அடையாளம் காட்டும். முதலில் இரண்டு நீண்ட ஒலி, அடுத்து மூன்று நீண்ட ஒலி. இவை ஐந்துக்கும் பொது. அதன்பின் வரும் குற்றொலிகளை எண்ண வேண்டும். ஒன்று கேட்டால் முதலாவது, நான்கு கேட்டால் நான்காவது. மோர்ஸ் குறியீடே தெரியாதவர்கூட விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓட்டக்காரர் கையில் வரைபடம், திசைகாட்டி, வானொலிக் கருவி ஆகிய மூன்றும் இருக்கும். எல்லாரும் ஐந்தையும் தேடுவதில்லை. எந்தெந்த எண்களைத் தேட வேண்டும் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். அதிக அலைபரப்பிகளைக் கண்டுபிடித்தவரே முன்னிலை பெறுவார். எண்ணிக்கை சமமானால் குறைந்த நேரத்தில் திரும்பியவர் வெல்வார். குறித்த நேரத்தைக் கடந்து வந்தால் கண்டுபிடித்தது எதுவும் கணக்கில் சேராது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அல்ல, மௌனமே வழிகாட்டி

இப்போட்டிகளில் 3.5 மெகாஹெர்ட்ஸ், 144 மெகாஹெர்ட்ஸ் எனும் இரு அலைவரிசைப் பட்டைகள் பயன்படுகின்றன. முதலாவதை 80 மீட்டர் பட்டை என்றும் மற்றதை 2 மீட்டர் பட்டை என்றும் அழைப்பார்கள். நான் விளையாடியது 80 மீட்டர் பட்டையில்.

அக்கருவியினுள் செப்புக் கம்பி சுற்றிய ஒரு ஃபெரைட் கோல் இருக்கும். இது நம் வீட்டுப் பழைய டிரான்சிஸ்டர் வானொலியிலும் உண்டு. மத்திய அலையில் ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியைத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் அடங்கிப் போகும். கோலின் முனை நிலையத்தை நேராகச் சுட்டும்போது நிகழ்வது அது. நரி வேட்டையின் அடிப்படையே இந்த அடங்கும் புள்ளிதான்.

சத்தம் அதிகமாக இருக்கும் திசையைத் தேடினால் என்ன என்று நானும் கேட்டேன். சத்தத்தின் உச்சம் மிக அகலமானது. கருவியை முப்பது பாகை திருப்பினாலும் காதுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. மௌனமோ குறுகலானது, சில பாகை விலகினாலே ஒலி திரும்பிவிடும். ஆகவே துல்லியமான திசையைச் சொல்வது சத்தம் அல்ல, மௌனம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கோலுக்கு இரண்டு முனைகள். நரி முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒரே மாதிரிதான் அடங்கும். இதைத் தீர்க்கக் கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் செங்குத்தாக நிற்கும் சிறு கம்பியும் சேர்ந்து இயங்கும். அப்போது கருவியை ஒரு பக்கம் திருப்பினால் ஒலி கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும். அதைக் கொண்டு முன்னா பின்னா என்று முடிவு செய்யலாம். பிறகு வரைபடத்தில் அத்திசையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். சற்றுத் தள்ளிச் சென்று மறுபடியும் அளந்து இன்னொரு கோடு இழுத்தால், இரண்டும் வெட்டும் இடத்தின் அருகே நரி இருக்கும்.

2 மீட்டர் பட்டையில் சிக்கல் வேறு வகை. அவ்வலைகள் குன்றிலும் கட்டடத்திலும் பட்டுத் தெறித்து, இல்லாத திசையிலிருந்து வருவதுபோல் ஏமாற்றும். இதற்கு மூன்று குறுக்குக் கம்பிகள் கொண்ட யாகி அண்டெனாவைப் பயன்படுத்துவார்கள். தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவு நாடாவை வெட்டியே இதைச் செய்துகொள்கிறார்கள். புதரில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும்.

நான் தோற்ற கதை

நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மேட்டுக் காட்டில் பயிற்சி ஆட்டம் நடந்தது. 90 நிமிடம் கெடு. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்ற நம்பிக்கை எனக்கு. முதல் மூன்றையும் 60 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். நான்கு குற்றொலி கேட்டதும் கருவியைத் திருப்பினேன். மௌனமும் தெளிவாகக் கிடைத்தது. பொத்தானை அழுத்தக் கையை எடுத்தபோது என்னைவிட அனுபவமுள்ள இருவர் ஒரு பக்கமாக விரைந்து ஓடினார்கள். அவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது என்று பொத்தானை அழுத்தாமலே பின்னால் ஓடினேன்.

வழியில் நீண்ட கம்பி வேலி ஒன்று இருந்தது. அதனருகே ஒலி கூடியது. நெருங்கிவிட்டோம் என்று மகிழ்ந்தேன். நீண்ட உலோகக் கம்பிகள் அலையை வாங்கித் தாமே மீண்டும் பரப்பும் என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குள் நிமிடம் முடிந்தது. நான்கு நிமிடம் காத்திருந்து கேட்டபோது ஒலி முன்பைவிடத் தேய்ந்திருந்தது. முன்னால் ஓடிய இருவரும் தேடியது இரண்டாம் எண்ணை! நான் தேடிய நரி, முதலில் நின்ற இடத்திற்குப் பின்னால் இருநூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

திரும்பும்போது செம்பனை வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தன. வந்து சேர்ந்தபோது 97 நிமிடம் ஆகியிருந்தது. கண்டுபிடித்த மூன்றும் கணக்கில் சேரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய தாத்தா சிரித்தார். "எல்லா நிரையும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும் பாப்பா. அதனால உள்ள போறப்பவே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டுப் போவோம். போறப்ப தெரியிற மரம் வேற, வர்றப்ப தெரியிற மரம் வேற," என்றார். முன்பக்கத்தை மட்டும் நம்பாமல் பின்பக்கத்தையும் சரிபார் என்பதுதான் அந்தப் பொத்தான் சொல்லும் பாடமும்.

விளையாட்டுக்கு அப்பால்

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. விபத்துக்குள்ளாகும் விமானங்களின் அவசர அலைபரப்பிகள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகின்றன. மீட்புக் குழுவினர் இறுதியில் அவ்விடத்தை நெருங்குவதற்கு 121.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி உதவுகிறது. அங்கும் திசை தேடும் இதே கலைதான் பயன்படுகிறது. காட்டு விலங்குகளின் கழுத்தில் சிறு அலைபரப்பி கட்டி அவற்றின் நடமாட்டத்தை ஆராய்வோரும் இப்படித்தான் தேடுகிறார்கள். எனக்கு விளையாட்டில் வீணானது முப்பது நிமிடம். உயிருக்குப் போராடும் ஒருவரைத் தேடும்போது அந்த முப்பது நிமிடத்தின் விலை என்ன என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நண்பர்களே, நம் நாட்டில் அலைபரப்பியை இயக்க மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலி உரிமம் தேவை. ஆகவே உரிமம் பெற்றவர்களோடு சேர்ந்து விளையாடத் தொடங்குங்கள். தனியே காட்டுக்குள் போகாதீர்கள். தண்ணீரும் விசிலும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வேகமாக ஓட முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நின்று, கேட்டு, அளந்து, பிறகு நடப்பவரும் இங்கே வெல்ல முடியும்.

அடுத்த ஆட்டத்திற்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். இம்முறை யார் எந்தப் பக்கம் ஓடினாலும், முதலில் அந்தப் பொத்தானை அழுத்துவேன்.