வண்டி களவு போனாலும் தவணை நிற்பதில்லை: எல்லைப் பகுதி பிக்கப் உரிமையாளர்களுக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் விடியற்காலையில் இறக்கப்படும் கள், பிக்கப் வண்டிகளில் ஏறித்தான் பிற மாவட்டங்களுக்குச் செல்கிறது. வேலந்தாவளம் சந்தைக் காய்கறி, முதலமடை மாங்காய், வட்டவடைப் பூண்டு, உடும்பன்சோலை வட்டத்து ஏலக்காய் ஆகியவற்றுக்கும் இதே வண்டிதான். வாளையாறு, கோபாலபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கும் இவ்வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். பல, வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. ஒரு குடும்பத்தின் வருமானம் முழுவதும் ஒரே வண்டியின் மீது நிற்பதும் உண்டு.

இத்தகைய வண்டி ஒருநாள் களவு போனால், கடன் ஒப்பந்தம் அதனோடு முடிவதில்லை. வண்டி வங்கிக்கு ஈடு மட்டுமே. ஈடு மறைந்தாலும் கடன் நிலைத்திருக்கும். அடுத்த மாதத் தவணை அதே தேதியில் வரும். எனவே பூட்டைப் பற்றிப் பேசும்போதே காப்பீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

பூட்டும் நிறுத்துமிடமும்

பழைய டீசல் வண்டிகளைத் திருடுவது எளிது என்பதற்கு இயந்திர அமைப்பே காரணம். பெட்ரோல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவை. டீசல் இயந்திரத்திற்குத் தேவையில்லை. பழைய வகை எரிபொருள் பம்பு உள்ள வண்டியில் சாவியின் வேலை, ஸ்டார்ட்டரை இயக்குவதும் இயந்திரத்தை நிறுத்துவதும்தான். இறக்கத்தில் உருளவிட்டுக் கியரில் போட்டால் சாவியின்றியும் அதனைக் கிளப்பிவிட முடியும். இடுக்கியின் மலைச்சாலைகளில் இறக்கத்திற்குப் பஞ்சமில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகள் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால் இவ்வழி அவற்றில் செல்லாது. ஆயினும் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கும் பழக்கத்திற்கு எந்தத் தொழில்நுட்பமும் மருந்தாகாது.

செலவு குறைந்த காவல்கள் சில உண்டு. பாட்டரி இணைப்பைத் துண்டிக்கும் மறைவான சுவிட்சு, கியர் தண்டைப் பிணைக்கும் பூட்டு, ஸ்டியரிங் பூட்டு ஆகியவற்றுள் இரண்டாவது ஒன்றேனும் இருத்தல் நலம். இறக்கத்தை நோக்கி நிறுத்தாமல், சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கியரில் விட்டு, சங்கிலியால் ஒரு சக்கரத்தைப் பிணைத்து வைத்தால், அவசரத்தில் வரும் திருடன் பெரும்பாலும் வேறு வண்டியைத் தேடிப் போவான்.

ஜி.பி.எஸ். கருவி பொருத்துவோர், அதற்குத் தனி உள்பாட்டரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் வண்டியின் பாட்டரியைக் கழற்றிய நொடியே கருவியும் கண்மூடிவிடும். கைப்பேசியிலிருந்தே இயந்திரத்தை அணைக்கும் வசதியைச் சில விற்பனையாளர்கள் பெருமையாகக் கூறுவர். போடிமெட்டு வளைவுகளில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் இயந்திரம் திடீரென அணைந்தால் பிரேக்கின் உதவிவிசையும் குறைந்துவிடும். எதிரே வருபவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. நின்ற வண்டியை மீண்டும் கிளம்பவிடாமல் தடுக்கும் அமைப்பு போதும் என்பது என் கருத்து.

தேசிய நெடுஞ்சாலையில் ஃபாஸ்டேக்கும் ஒரு காவலாளியே. கோவையிலிருந்து வாளையாறு வழியாக வரும் 544ஆம் எண் நெடுஞ்சாலையில் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைக் கடந்தால் உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். வண்டி காணாமற்போன பதற்றத்தில் உடனே ஃபாஸ்டேக்கை முடக்கக் கோருபவர் உண்டு. முதலில் காவல்துறையிடம் கூறி, அவர்கள் ஒப்பிய பின் முடக்குவதே நன்று. சில நூறு ரூபாய் சுங்கத்தைவிட, வண்டி எந்தத் திசையில் போகிறது என்ற தகவல் மதிப்புமிக்கது. ஓட்டுநரின் எண்ணுக்கு அன்றி உரிமையாளரின் எண்ணுக்குச் செய்தி வருமாறு பதிவு இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

கசியும் டீசல்

முழு வண்டியும் களவு போவது அரிது. டீசல் சிறிது சிறிதாகக் குறைவது அரிதன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 3 லிட்டர் குறைகிறது என்று கொள்வோம். மாதம் 25 நாள் ஓட்டத்தில் 75 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் எனக் கொண்டால் 7,125 ரூபாய். எட்டு லட்சம் ரூபாய்க் கடனை 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைக்கும் ஒருவரின் மாதத் தவணை ஏறக்குறைய 17,000 ரூபாய். அதாவது, தவணையில் ஐந்தில் இரண்டு பங்கு குழாய் வழியே வெளியேறுகிறது.

இதனைக் கண்டறிய எளிய வழி, ஒரே பங்கில் தொட்டியை முழுதாக நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை மீண்டும் முழுதாக நிரப்பிக் கணக்கிடுவது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கொழிஞ்சாம்பாறை சமவெளியில் கிடைக்கும் மைலேஜைக் கம்பம்மெட்டு ஏற்றத்தில் எதிர்பார்க்கலாகாது. சுமையோடு ஏறும் நாளும் வெறுமையாக இறங்கும் நாளும் ஒன்றல்ல. காற்றுக் குறைந்த டயர், அடைபட்ட வடிகட்டி, கசியும் குழாய் ஆகியவையும் டீசலைத் தின்னும். அதே வழித்தடம், அதே சுமை என்ற நிலையில் நான்கைந்து முறை அளந்து ஒரு சராசரியை வைத்துக்கொண்ட பின்னரே ஓட்டுநரிடம் கேள்வி கேட்க வேண்டும். ஆதாரமின்றிச் சந்தேகித்து நல்ல ஓட்டுநரை இழந்தவர்களின் நட்டம் டீசலை இழந்தவர்களின் நட்டத்தைவிடப் பெரிது.

தொட்டி மூடிக்குப் பூட்டு, நிரப்பும் குழாயினுள் உறிஞ்சுகுழலைத் தடுக்கும் வலை ஆகிய இரண்டும் வேண்டும். பலரும் மறப்பது தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகு. மேலே பூட்டு தொங்க, கீழே ஸ்பானரால் திருகைக் கழற்றுவது அனுபவம் உள்ளவனுக்குச் சில நிமிட வேலை. அத்திருகின் மேல் ஒரு தகட்டை வெல்டிங் செய்து மறைக்கலாம். தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே அருகில் வெல்டிங் வைக்க வேண்டும் என்பதைப் பட்டறையில் கண்டிப்பாகக் கூறுங்கள்.

கலப்படம் வேறொரு தொல்லை. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரியும் சேர்ந்ததால், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பங்குகளில் நிரப்புவது நம் வண்டிக்காரர்களின் வழக்கம். பங்கில் நிரப்புவதில் தவறில்லை. சாலையோரத்தில் கேனில் வைத்து இன்னும் மலிவாக விற்கப்படும் டீசல்தான் ஆபத்து. அதில் மண்ணெண்ணெயோ நீரோ வேறென்னவோ கலந்திருந்தால், டீசலைப் பேரழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்து பழுதாகும். அவற்றை மாற்றும் செலவு, மிச்சம் பிடித்த ரூபாய்களை விழுங்கிவிடும். அவ்வாறு இயந்திரம் கெட்டால் மோட்டார் காப்பீடு கைகொடுக்காது. இயந்திரப் பழுது வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்கப்பட்ட ஒன்று.

பங்கில் ஐயம் எழுந்தால் இரண்டு சோதனைகளைக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஒன்று, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டச் சொல்வது. மற்றொன்று, டீசலின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்ப்பது. 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிட்ட அளவு, பங்கின் பதிவேட்டில் உள்ள அளவிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபடலாகாது.

எல்லா நீரும் கலப்படத்தால் வருவதன்று. பாதித் தொட்டியோடு இரவு முழுதும் மூணாறுப் பனியில் நிற்கும் வண்டியில், காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் உட்சுவரில் நீராகப் படியும். மாலையில் நிரப்பி நிறுத்துவதும், நீர் பிரிக்கும் வடிகட்டியைத் தவறாமல் வடிப்பதும் இதற்கு மருந்து.

பத்திரத்தில் என்ன இருக்கிறது?

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, திருட்டுக்கு ஒரு ரூபாயும் தராது. முதல் ஆண்டில் முழுக் காப்பீடு எடுத்துவிட்டு, பின்னர் செலவைக் குறைக்க மூன்றாம் நபர் காப்பீட்டிற்கு மாறுபவர்களை வங்கிக் கிளைகளில் காண்கிறோம். கடன் முடியும் வரையாவது முழுக் காப்பீடு வேண்டும். கடன் ஒப்பந்தமும் அதனையே கோருகிறது.

அடுத்தது, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. வண்டி திருடு போனால் கிடைக்கும் உச்சத் தொகை இதுவே. நிறுவனத்தின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40. ஒன்பது லட்சம் ரூபாய் வண்டிக்கு மூன்றாம் ஆண்டில் ஐ.டி.வி. 6,30,000 ரூபாய். மேற்சொன்ன எட்டு லட்சம் ரூபாய்க் கடனில் 24 தவணைகள் தவறாமல் கட்டியிருந்தால், பாக்கி ஏறக்குறைய 5,27,000 ரூபாய். அப்போது திருட்டு நேர்ந்தால் கடன் தீர்ந்து, கட்டாயக் கழிவு போக, ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை உரிமையாளருக்கு மிஞ்சும். பிரீமியத்தைக் குறைக்க முகவரின் சொற்கேட்டு ஐ.டி.வி.யை ஐந்து லட்சமாகக் காட்டியிருந்தாலோ, வண்டியும் போய், 27,000 ரூபாய்க்கு மேல் கையிலிருந்தும் கட்ட நேரிடும்.

பத்திரம் தராதவற்றையும் அறிந்திருங்கள். வண்டி நிற்க, துணைக்கருவிகள் மட்டும் களவு போனால் வழக்கமான சரக்கு வாகனக் காப்பீட்டில் இழப்பீடு இல்லை; தொட்டியிலிருந்து உறிஞ்சிய டீசலுக்கும் இல்லை. ஏற்றியுள்ள சரக்கும் இதில் அடங்காது. புற்றடி, போடிநாயக்கனூர் ஏல மையங்களுக்கு ஏலக்காய் கொண்டு செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். விலை ஏறிய பருவத்தில் சில மூட்டைகளே வண்டியின் விலையை நெருங்கும். அதற்குச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு தனியே எடுக்க வேண்டும்.

களவு போன அன்று

முதல் அழைப்பு 112க்கு. அடுத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்து மூலமான புகார். எல்லைப் பகுதியில் எழும் பழைய சிக்கல், வண்டி காணாமற்போன இடம் எங்கள் எல்லையில் இல்லை என்ற பதில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலைக் காவல் நிலையம் பதிவு செய்ய வேண்டும். பொள்ளாச்சியில் நிறுத்திய கோவிந்தாபுரத்து வண்டிக்கும் இது பொருந்தும். சரக்கு வாகனத்தையோ, அதிலிருந்து பொருளையோ திருடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மலையாளத்தில் எழுத இயலாதவர் தயங்க வேண்டாம்: 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளில் மாநில அரசின் உள்ளூர் அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்கிறது.

அன்றே காப்பீட்டு நிறுவனத்திற்கும் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்கும் வழக்கம் இருந்தது. பஞ்சாபில் டிராக்டர் களவு போனவர் அன்றே காவல்துறையில் புகார் செய்தும், காப்பீட்டு நிறுவனத்திற்கு 52 நாள் கழித்துத் தெரிவித்த வழக்கில், அத்தாமதம் மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2022இல் ஒரு லாரி வழக்கிலும் அதுவே உறுதியானது. ஆனால் இரண்டிலும் உரிமையாளரைக் காத்தது, உடனே பதிவான எஃப்.ஐ.ஆர். சாவியைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. முகவரி விசாரிக்க இறங்கிய ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டதால் லாரி களவு போன வழக்கில், 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கியது முழுத் தொகையன்று. 75 விழுக்காடு மட்டுமே. நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது இதனால்தான். இரண்டாவது சாவி வண்டியின் டாஷ்போர்டிலேயே கிடந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறை அறிக்கை கிடைத்த பின்னரே இழப்பீடு முடிவாகும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஈட்டுரிமை பதிவாகியிருப்பதால் தொகை முதலில் வங்கிக்கு வரும்; பாக்கி போக மிஞ்சியது உங்களுக்கு. இடைப்பட்ட மாதங்களில் தவணையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், வட்டி ஏறுவதோடு 90 நாளுக்குப் பின் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன் தடம் கடன் மதிப்பெண்ணில் நெடுங்காலம் நிற்கும், அடுத்த வண்டிக்குக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே வரும். எஃப்.ஐ.ஆர். நகலோடு முதல் வாரத்திலேயே கிளை மேலாளரைச் சந்தித்தால் என்ன செய்ய இயலும் என்று பேச இடமிருக்கும். நான்கு மாதம் கழித்து வந்தால் அந்த இடம் மிகக் குறுகியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் எழுத்து மூலம் மறுத்தால், ஓராண்டுக்குள் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. எஃப்.ஐ.ஆர்., காப்பீட்டுப் பத்திரம், ஆர்.சி. ஆகியவற்றின் நகல்களும் மறுப்புக் கடிதமும் உடன் இருக்க வேண்டும். இவற்றின் அசலை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வைத்து, நகலையோ டிஜிலாக்கர் பதிவையோ ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புங்கள்.