நோயாளியின் சொல்லும் ஆய்வாளரின் வாசிப்பும்

"பரவாயில்லை, சமாளித்துக்கொள்வேன்" என்று ஒரு நோயாளி தாதியிடம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். அது மனவுறுதியா, கூச்சமா, அல்லது தாதியின் பணிச்சுமையைக் கண்டெழுந்த இரக்கமா? இதனை ஆராயாது அச்சொல்லை 'மனவுறுதி' என்று வகைப்படுத்தும் ஆய்வு, அவரது வேதனையைத் தவறவிடக்கூடும். தாதியியல் ஆய்வுகள் குறித்து மேலைநாடுகளில் எழுந்த விவாதத்தின் சாரம் இதுவே எனலாம்.

அமெரிக்காவின் பட்ரீசியா பென்னர், 1984இல் வெளியிட்ட நூலில், தாதியர் கூறிய அனுபவங்களைக் கொண்டே அவர்களது திறன் வளரும் விதத்தை விளக்கினார். எண்களுக்குள் அடங்காத பராமரிப்பை அறிவதற்கு, ஹூசேர்ல், ஹைடெகர் ஆகியோரின் தோற்றப்பாட்டியல் துணையாகக் கொள்ளப்பட்டது. இவர்களது பெயர்களைத் தாங்கிய தாதியியல் ஆய்வுகளும் பெருகின.

எனினும், அவ்வாய்வுகள் மூலச் சிந்தனையிலிருந்து வெகுவாக விலகி, தனிமனித உணர்வுகளைத் தொகுப்பதோடு நின்றுவிட்டன என மைக்கல் குரொட்டி 1996இல் வாதிட்டார். ஹூசேர்லின் கருத்துக்கள் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டுள்ளன என்று ஜோன் பேலி 1997இல் சுட்டிக்காட்டினார்.

இங்குதான் பொருள்கோளியல் கைகொடுக்கின்றது. முன்முடிவு எதுவுமின்றி எவரும் வாசிப்பதில்லை என்பதை கடமர் 1960இலேயே எடுத்துரைத்தார். ஒரே குறளுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபட்ட உரை கண்டதை அறிந்த நமக்கு இது புதிதன்று. பிரதியின் பொருளை ஆசிரியரின் நோக்கத்துக்குள் அடக்கிவிட முடியாது என்றார் ரோலன்ட் பார்த். இத்தகைய பின்நவீனத்துவச் சிந்தனைகளின் ஒளியில், தாதியியல் ஆய்வு கோரும் உண்மையையும் அதிகாரத்தையும் கரி ரோல்ப் 2000இல் வெளியான தமது நூலில் கேள்விக்குட்படுத்தினார். ஆய்வறிக்கையும் எழுதப்பட்ட ஒரு பிரதியே. அதனையும் விமர்சன நோக்குடன் வாசிக்க வேண்டும்.

இதனால் நோயாளியின் வாக்குமூலம் பயனற்றது என்றாகிவிடாது. அதேவேளை, கோட்பாட்டுச் சொற்களின் நெரிசலில் நோயாளி மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. அவரிடம் கேட்கப்பட்ட வினா எது, கேட்டவர் யார், அவரது விடைக்கு வேறு பொருள் இருக்க முடியுமா என்பவற்றை ஆய்வாளர் மறைக்காது முன்வைக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும். ஆய்வு முடிவுகளே நாளைய பராமரிப்பு முறைகளாகின்றன. தவறான வாசிப்புக்கான விலையை இறுதியில் செலுத்துபவர், கட்டிலில் கிடக்கும் நோயாளியே என்பதை மறந்துவிடலாகாது.