கோள்களின் காந்தக்கோளத்தில் ரேடியோ அலைகள் பிறக்குமிடம்

பூமி, வியாழன், சனி ஆகிய காந்தப்புலம் கொண்ட கோள்கள் இயற்கையாகவே ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. கோளைச் சூழ்ந்துள்ள காந்தக்கோளத்தின் எந்தப் பகுதியில் இவ்வலைகள் பிறக்கின்றன எனக் கண்டறிவது வானியலின் கடினமான வேலைகளுள் ஒன்று. இடம் தெரிந்தால்தான் அவற்றைத் தோற்றுவிக்கும் எலக்ட்ரான்கள் எங்கிருந்து ஆற்றல் பெறுகின்றன என்று கூற முடியும்.

1955இல் அமெரிக்காவின் பெர்னார்ட் பர்க், கென்னத் பிராங்கிளின் இருவரும் 22.2 மெகா ஹெர்ட்ஸில் நண்டு நெபுலாவை ஆராய்ந்தபோது விளக்க முடியாத இரைச்சல் ஒன்று பதிவானது. அது விண்மீன்களைப் போலவே நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வந்தது. வாரங்கள் செல்ல விண்மீன்களிடையே சற்று நகரவும் செய்தது. அந்த நகர்வு வியாழனின் நகர்வோடு பொருந்தியது. 1964இல் ஆஸ்திரேலியாவின் பிக், இவ்விரைச்சல் அயோ என்னும் துணைக்கோளின் இருப்பைப் பொறுத்துக் கூடிக் குறைவதைக் காட்டினார்.

கோள் எது என்பது தெரிந்துவிட்டது. கோளின் எந்த இடம் என்பதே சிக்கல். 300 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1 கிலோமீட்டர். அதைக் கூர்மையாகப் பார்க்க அதனினும் பன்மடங்கு பெரிய ஆண்டெனா வேண்டும். தவிர, ஏறத்தாழ 10 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைகளைப் பூமியின் அயனி மண்டலம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே விண்கலம்தான் வழி.

இங்கே இயற்கையே ஒரு துப்புத் தருகிறது. இவ்வலைகளின் அதிர்வெண், எலக்ட்ரான் அவ்விடத்துக் காந்தப்புலக் கோட்டைச் சுற்றும் அதிர்வெண்ணுக்கு ஏறக்குறையச் சமம்: 1 காஸுக்கு 2.8 மெகா ஹெர்ட்ஸ். வியாழனின் அலைகள் சுமார் 40 மெகா ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், அவை பிறக்குமிடத்தில் புலம் 14 காஸ் வரை இருப்பதாகக் கொள்ளலாம். அதிர்வெண் குறையக் குறைய, பிறப்பிடம் கோளிலிருந்து உயரே செல்கிறது.

உயரம் கிடைத்தது, திசைக்கு என்ன செய்வது? காசினி விண்கலம் ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளமுள்ள மூன்று கம்பி ஆண்டெனாக்களைக் கொண்டிருந்தது. கம்பிக்குச் செங்குத்தாக வரும் அலையை அது நன்கு வாங்கும். கம்பியின் நீளவாக்கில் வருவதை வாங்காது. மூன்றிலும் பதிவான வலிமையையும் கட்ட வேறுபாட்டையும் ஒப்பிட்டால் அலை வந்த திசை கிடைக்கும். அத்திசைக் கோடு, அதிர்வெண்ணுக்கு ஏற்ற காந்தப்புலம் உள்ள பரப்பை எங்கே வெட்டுகிறதோ அதுவே பிறப்பிடம். சனியின் அலைகள் துருவ ஒளி தோன்றும் புலக் கோடுகளில் எழுவது இவ்வாறு உறுதியாயிற்று. 2008 அக்டோபரில் காசினி அத்தகைய பிறப்பிடத்தின் ஊடாகவே சென்றது.

இதைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சனியின் நாளே சான்று. வாயேஜர் பதிவுகளில் ரேடியோ துடிப்பு 10 மணி 39 நிமிடம் 24 விநாடிக்கு ஒருமுறை வந்ததால், அதுவே கோளின் சுழற்சிக் காலம் எனப் பாடநூல்களில் ஏறியது. காசினி காலத்தில் அத்துடிப்பு சில நிமிடங்கள் நீண்டிருந்தது. அவ்வளவு பெரிய கோள் அவ்வளவு விரைவில் மெதுவாகிவிட முடியாது. துடிப்புதான் உட்பகுதியோடு பிணைந்திருக்கவில்லை.

பூமியின் அலைகளுக்கு வேறொரு எளிய உத்தி உதவியது. 1973இல் ஏவப்பட்டு நிலவைச் சுற்றிய ஒரு ரேடியோ வானியல் செயற்கைக்கோள், நிலவின் விளிம்பு பூமியின் சுற்றுப்புறத்தை மறைக்கும்போது ஒலி எப்போது அறுகிறது என்று குறித்துக்கொண்டது.

இந்தியாவில் நாராயண்காவ் அருகேயுள்ள, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள் கொண்ட மீட்டரலைத் தொலைநோக்கி 610 மெகா ஹெர்ட்ஸில் வியாழனை ஆராய்ந்துள்ளது. ஆனால் அது வேறு வகை: வியாழனின் நடுவரையைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தில், ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் வெளியிடுவது.

20 மெகா ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கேட்கத் தொலைநோக்கி கூட வேண்டியதில்லை. வியாழன் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும் புதுக்கோட்டை மாவட்டத்தில், மின்கம்பிகள் இல்லாத திறந்தவெளியில் 7 மீட்டர் நீளக் கம்பி ஆண்டெனாவும் சிற்றலை வாங்கியும் போதும். பின்னிரவு ஏற்ற நேரம். கடலலை போன்றோ பொரி பொரிவது போன்றோ கேட்கும். தொலைதூர இடியின் கரகரப்பும் கூடவே வரும். கம்பிக்குத் திசை தெரியாது என்பதால், கேட்ட நேரத்தில் அயோ எங்கே இருந்தது என்று பஞ்சாங்க அட்டவணையோடு ஒப்பிட்டே வியாழனைப் பிரித்தறிய வேண்டும்.