கணக்கைப் படித்துக்காட்டுவது

தேர்வுக்காலம் வந்தால், பார்வையற்ற மாணவர்களுக்குச் 'சொல்வதை எழுதுபவராக' உட்காரக் கல்லூரி மாணவர்கள் பலர் முன்வருகிறார்கள். மற்ற நாட்களில் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக்காட்டுபவர்களும், கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்புபவர்களும் உண்டு. வரலாறு, இலக்கியம் என்றால் குரல் தடையின்றி ஓடும். கணக்கில்தான் சிக்கல்.

"இரண்டு கூட்டல் ஆறு வகுத்தல் இரண்டு." விடை என்ன? பின்னக்கோட்டுக்கு மேலே இரண்டும் ஆறும் சேர்ந்து நின்றால் 4. ஆறு மட்டும் நின்றால் 5. தாளைப் பார்ப்பவருக்கு இந்தச் சந்தேகமே வராது. தாளில் மேல், கீழ், பக்கவாட்டு என எல்லா இடமும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. குரலில் ஒன்று முடிந்துதான் அடுத்தது வரும். படிப்பவர் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாவிட்டால், அந்தக் கோடு கேட்பவருக்கு இல்லவே இல்லை.

இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுக்கச் சந்தித்தவர் ஆபிரகாம் நெமெத். 1918இல் நியூயார்க்கில் பார்வையின்றிப் பிறந்தவர். பார்வையற்றவருக்குக் கணிதம் சரிப்படாது என்று கல்லூரியில் திசைதிருப்பினார்கள்; உளவியல் படித்தார். ஆனாலும் கணிதத்துக்கே திரும்பிவந்து, டெட்ராய்ட்டில் கணிதப் பேராசிரியர் ஆனார். கணிதத்துக்கென அவர் உருவாக்கிய பிரெய்ல் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. தமக்குப் படித்துக்காட்ட வந்தவர்களுக்கும் அவர் விதிகள் வகுத்தார்: "பின்னம் தொடக்கம், இரண்டு கூட்டல் ஆறு, கீழே இரண்டு, பின்னம் முடிவு." படிப்பவர் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டியதுகூட இல்லை, கண்ணில் பட்டதை வரிசை பிசகாமல் சொன்னால் போதும். தமிழிலக்கியம் படிக்கும் மாணவியும் இயற்கணிதத்தைத் துணிந்து படித்துக்காட்டலாம்.

அப்படிச் சொன்னது எங்கே போய்ச் சேர்கிறது? 2016இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்று இதற்கு வியப்பான பதிலைத் தருகிறது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி கணக்குகளைக் காதால் கேட்டார்கள். கணக்குக்கென எல்லோருக்கும் வேலைசெய்யும் மூளைப் பகுதிகள் அவர்களுக்கும் வேலைசெய்தன. கூடவே, பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணியும் இயங்கியது. கணக்கு கடினமாக ஆக, அதன் வேலையும் கூடியது. கண்ணைக் கட்டிக்கொண்டு அதே கணக்குகளைக் கேட்ட பார்வையுள்ளவர்களிடம் அப்படி நடக்கவில்லை. கண்ணிலிருந்து ஒருபோதும் செய்தி வராத அந்தப் பகுதியை மூளை சும்மா விட்டுவைக்கவில்லை. கணக்குப் போடப் பழக்கியிருக்கிறது.

ஆகவே குறை கேட்பவரின் திறனில் இல்லை. அவரை எட்டும் வாக்கியத்தில்தான் இருக்க முடியும். அதைச் சரிசெய்ய வழியும் இருக்கிறது. 2018இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரச் சொல்லின. எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே மாணவர் சந்திக்கவும் இடம் தந்தன. பலர் அந்தச் சந்திப்பை அறிமுகத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வர்க்கமூலம் எந்த எண்ணோடு முடிகிறது, அடுக்கு எந்த எழுத்தின் மேல் நிற்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்று இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ள ஒரு மணி நேரம் போதும்.